உறைபனியில் குதிரைத் தொட்டி

என் முதல் குளிர்காலத்தில் தினமும் விடிகாலை கோடாரியோடுதான் தொட்டிக்குப் போவேன். இரவெல்லாம் இறுகிய பனிக்கட்டி இரண்டு அங்குலத்துக்கு நிற்கும். நடுவில் நாலு போடு போட்டு, குதிரையின் மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சரி, தண்ணீர் வந்தாச்சு என்று திரும்பிவிடுவேன். சாயங்காலம் மறுபடி அதே நாலு போடு.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். என் பெண்குதிரை செம்பி காலைத் தீவனத்தைத் தொடவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறாள், கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கிறாள், படுக்கிறாள், உடனே எழுகிறாள். முந்தின நாளே அவள் போட்ட லத்தி குறைவாக, சின்னச் சின்ன உருண்டைகளாக, உலர்ந்துபோய் இருந்தது. பார்த்தும் நான் யோசிக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்து, பெருங்குடலில் அடைப்பு என்றார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு நீர் இறக்கினார். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் லத்தி போட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கிளம்பும்போது மருத்துவர் கேட்டார்: "இது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?" என்னிடம் பதில் இல்லை. ஓட்டை போட்டேன் என்பது மட்டும்தான் தெரியும். அதன் வழியாக எத்தனை லிட்டர் அவளுக்குள் போனது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆகவே ஹீட்டர், மூடி எல்லாவற்றுக்கும் முன்னால் அளவைச் சொல்லிவிடுகிறேன். 500 கிலோ எடையுள்ள, அதிக வேலை இல்லாத குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குதிரைக்கு இன்னும் கூடுதல். பச்சைப் புல் மேயும் காலத்தில் இதில் பெரும்பங்கு புல்லிலேயே போய்விடும். பச்சைப் புல்லின் எடையில் முக்கால்வாசிக்குப் பக்கம் தண்ணீர்தான். உலர்புல்லில் 10 முதல் 15 சதவீதம்தான் ஈரம். ஆக, பனிக்காலத்தில் வியர்வை குறைந்தாலும் தொட்டியிலிருந்து குடிக்க வேண்டிய அளவு கூடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் தொட்டியும் உறைகிறது.

"பனியைத் தின்னுக்குமே" என்று சொல்பவர்கள் உண்டு. தின்னும்தான். ஆனால் புதுப்பனியில் பத்து வாளி உருகினால் ஒரு வாளி தண்ணீர் தேறும். 30 லிட்டருக்கு எத்தனை வாளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனையையும் தன் உடம்புச் சூட்டில் உருக்க வேண்டும் என்றால், போட்ட தீவனத்தில் கணிசமானது அதற்கே செலவாகும்.

தண்ணீரின் சூடும் முக்கியம். 1990-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் போனிக் குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் நீரைக் கொடுத்ததைவிட, குளிர் போகச் சூடாக்கிய நீரைக் கொடுத்தபோது அவை சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜில்லென்று இருப்பதையே தேடிப் போய், மொத்தத்தில் குறைவாகக் குடித்தன. எனவே வெந்நீர் வாளி வைக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் பனிநீர் வாளி இருக்கக் கூடாது. நான் இதை அறியாமல், வெந்நீர் வைத்தும் குடிக்கவில்லையே என்று ஒரு வாரம் என் இன்னொரு குதிரை மருதுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் தொட்டியின் உள்சுவரில் ஐம்பது லிட்டருக்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். வாளியால் அளந்து ஊற்றி, ஆணி முனையால் கீறியது. மூன்று குதிரைக்கு இரண்டு கோடு இறங்கியிருந்தால் நிம்மதி. ஒரு கோடுகூட இறங்கவில்லை என்றால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் கிடையாது, யார் குடிக்கவில்லை என்று நின்று பார்க்க வேண்டியதுதான்.

மின்சாரத்துக்கு முன்னால்

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து, மேலிருந்துதான் உறைய ஆரம்பிக்கும். வெப்பம் தப்பிப் போகும் பெரிய வாசல் நீரின் மேற்பரப்பு. காற்று வீசினால் வாசல் இன்னும் அகலமாகும். ஆகவே ஒரு பைசா மின்சாரம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது, தொட்டியைக் காற்று மறைவில், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வைப்பது. அப்புறம் மூடி.

எனது தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், நிரப்பினால் 300 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மூடிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தேன். அடியில் இரண்டு அங்குல ஃபோம் பலகை ஒட்டினேன். சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் நீரை உறிஞ்சி உதிர்ந்துவிடும். கட்டட வேலைக்கு வரும் கெட்டியான ஃபோம்தான் வேண்டும். ஃபோமின் அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் மெல்லிய பிளாஸ்டிக் தகடால் மூடினேன். மூடாவிட்டால் குதிரை அதைக் கொறித்துத் தின்னும், மருது ஒரு மத்தியானத்தில் கால் பலகையைக் காலி செய்தவன். பலகையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திறந்துவிட்டு, அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினேன். தலையைத் தூக்கும்போது தாடையிலோ கண்ணுக்கு மேலேயோ சிராய்க்கக் கூடாது. கழுத்துப்பட்டை மாட்டிக்கொள்ளும் கூரான மூலை எங்கும் இருக்கக் கூடாது. திறப்பு சின்னதாக இருந்தால் சில குதிரைகள் பயந்து கிட்டே வராது. கிழவி, அதாவது என் மூத்த பெண்குதிரை, மூன்று நாள் மூடியை முறைத்துக்கொண்டே நின்றாள். முதல் வாரம் பாதியைத் திறந்து வைத்து, பிறகு குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

பக்கச் சுவர்களுக்கும் அதே ஃபோம்தான், வெளியே பிளைவுட் பெட்டி. தொட்டிக்கு அடியிலும் ஒரு பலகை போடுங்கள். இதைவிடச் சுலபமான வழி, பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, நடுவில் உலர்ந்த மரத்தூளையோ வைக்கோலையோ அடைத்து, மேலே மழை இறங்காமல் மூடிவிடுவது. அடைத்தது நனைந்துவிட்டால் பயன் போய்விடும். லத்தியை அடைப்பதும் பழைய வழக்கம். மக்கும்போது சூடு தரும் என்பது உண்மை. ஒரு வருடம் செய்தும் பார்த்தேன். தொட்டியைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்தில் அடைத்த லத்தி மக்கவும் இல்லை, சூடாகவும் இல்லை, கல்லாக உறைந்து வசந்தம் வரை அங்கேயே கிடந்தது. குவியல் பெரிதாக இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும்.

தொட்டியின் அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய தொட்டி மெதுவாக உறையும் என்பது சரி. ஆனால் இரண்டு குதிரைக்கு 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் அதே பழைய நீர் வாரக்கணக்கில் குளிர்ந்துகொண்டே கிடக்கும். என் கிணற்று நீர் பனிக்காலத்திலும் 10 டிகிரியில் வருகிறது. அதில் 100 லிட்டர், 0 டிகிரிக்கு இறங்குவதற்குள் 12 கிலோ பனிக்கட்டியை உருக்கும் அளவுக்கு வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் இறங்கும். 1,500 வாட் ஹீட்டர் முக்கால் மணி நேரம் ஓடுவதற்குச் சமம். ஆகவே இரண்டு நாளில், மிஞ்சிப் போனால் மூன்று நாளில் குடித்துத் தீர்கிற அளவுத் தொட்டி, தினமும் புது நீர். அகலத்தைவிட ஆழம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

உப்புநீர் பாட்டில் வித்தையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கெட்டியான உப்புக்கரைசலை பாட்டிலில் நிரப்பி மிதக்கவிட்டால் தொட்டி உறையாது என்பார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் உப்புநீர் உறையாது, அவ்வளவுதான். சுற்றியுள்ள நீருக்கு அது எந்தச் சூடும் தராது. காற்றில் ஆடி ஆடி மெல்லிய படலம் கட்டாமல் தடுக்கும். மைனஸ் 2, 3 வரை எனக்குப் பலித்தது. மைனஸ் 10 வந்த காலையில் இரண்டு பாட்டிலும் கட்டிக்குள் புதைந்த மீன் மாதிரி கிடந்தன. மீதியிருந்த ஒன்றை மருது கடித்து வேலிக்கு வெளியே எறிந்திருந்தான். அதைக் கேட்டுவிட்டு உப்பை நேராகத் தொட்டியிலேயே போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள், உறையாமல் இருக்கும் அளவுக்கு உப்புப் போட்டால் எந்தக் குதிரையும் வாய் வைக்காது. காரில் ஊற்றும் உறைதடுப்பு திரவத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்.

ஹீட்டர் போடுகிறவர்களுக்கு

மைனஸ் 5, 6 வரை மூடியும் ஃபோமும் தினசரிப் புது நீரும் எனக்குப் போதும். அதற்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் ஹீட்டர்தான். மிதப்பது, அடியில் கிடப்பது, வடிகால் துளையில் பொருத்துவது என்று வகைகள் உண்டு. என் ஓட்டு அடியில் கிடப்பதற்கு. மிதப்பதைக் குதிரைகள் பொம்மையாக எடுத்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். நீர் உறைநிலைக்குப் பக்கத்தில் வரும்போது தானே ஓடி, சூடு ஏறியதும் தானே நின்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டி என்றால், பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும், கம்பிக்கூண்டும் இருக்க வேண்டும். நீர் மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் தொட்டியே உருகும். மூடி போட்டு, சுவருக்கு ஃபோம் வைத்த பிறகு எனது 1,000 வாட் ஹீட்டர் ஓடும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதனால்தான் மூடியை முதலில் சொன்னேன்.

வயர்தான் கவலை. குதிரை எட்டும் இடத்தில் வயர் தெரிந்தால் கடிக்கும். இரும்புக் குழாய்க்குள்ளோ கெட்டியான பிவிசி குழாய்க்குள்ளோ விட்டு, வேலிக்கு வெளியே கொண்டுபோங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை ஒன்றோடு ஒன்று கோத்து இழுப்பது தீப்பிடிக்க வைக்கும் வேலை. இணைப்பு ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக, 30 மில்லியாம்பியருக்குள் துண்டிக்கிற மாதிரி இருக்கட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்தே பார்த்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹீட்டர் போட்ட முதல் வருடம் ஒரு காலையில் தொட்டியில் கட்டியே இல்லை, நீர் லேசாக ஆவி விடுகிறது, கோடுகள் மட்டும் இறங்கவில்லை. செம்பி கிட்டே வந்து, மூக்கை நீட்டி, மீசை முடி நீரைத் தொட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி வந்தாள், மறுபடி அதேதான். நான் கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அது முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள். என் காலில் ரப்பர் பூட்ஸ், அவள் காலில் ஈரத் தரையில் ஊன்றிய நாலு இரும்பு லாடம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையை நீரிலும், இன்னொன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் அடித்த இரும்புக் கம்பியிலும் வைத்தபோது சில வோல்ட் காட்டியது. ஹீட்டரின் வயர் உறையில் ஒரு வெடிப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் செம்பி அந்தத் தொட்டியை நம்ப இரண்டு நாள் ஆனது, அதுவரை வாளியில்தான் கொடுத்தேன். ஹீட்டர் ஓடும் தொட்டியில் குதிரை தயங்கினால், குதிரையின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது ஹீட்டரை இறக்கும் முன்பு ஒரு தடவையும், பிறகு வாரம் ஒரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன்.

தானாக நிரம்பும் சூடேற்றிய கிண்ணங்கள் பெரிய லாயங்களுக்குச் சௌகரியம்தான். யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது என்பதால் எனக்கு அவற்றின் மேல் பிரியம் இல்லை.

லாயத்துக்குள்ளே

கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு நான் ரப்பர் வாளிதான் வைப்பேன். உறைந்தாலும் உடையாது, கவிழ்த்து மிதித்தால் கட்டி அப்படியே வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் வாளி குளிரில் ஒரு உதையில் பிளந்துவிடும். வாளியைச் சுற்றி ஃபோம் உறை, ஒன்றுக்கு இரண்டு வாளி. குதிரைகள் பெரும்பாலும் தீவனம் தின்ற கையோடு, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்தான் நிறையக் குடிக்கும். ஆகவே வெந்நீரை எப்போதோ ஊற்றி ஆறவிடாமல், உலர்புல் போடும்போது ஊற்றுங்கள். கொதிக்கக் கூடாது, கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். கிழவிக்குப் பல் தேய்ந்துவிட்டது, பனிநீர் பட்டால் கூசுகிறது போல; இரண்டு மடக்கோடு நிறுத்திவிடுவாள். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாளியின் அடி தெரியும் வரை குடிக்கிறாள்.

குடிக்க வைக்க இன்னொரு வழி உப்பு. ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தூள் உப்பைத் தீவனத்தில் கலக்கிறேன். உப்புக்கட்டி வைத்திருக்கிறேனே என்று விடாதீர்கள், கடுங்குளிரில் அதை நக்குவது குறைந்துவிடும். ஆனால் தண்ணீர் தாராளமாக இருந்தால் மட்டுமே உப்பு. தண்ணீர் உறைந்து கிடக்கும்போது உப்பைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். உலர்புல்லை ஊறவைத்தும், அடர்தீவனத்தைக் கஞ்சி மாதிரி வெந்நீரில் குழைத்தும் கொடுத்தால், வாளியில் குடிக்காத நீரில் கொஞ்சம் அப்படியும் உள்ளே போகும்.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வு மண்ணுக்கு அடியில், உறைபனி இறங்காத ஆழத்தில் இருக்கும் கைப்பிடிக் குழாய்தான் வேண்டும். மூடியதும் மேலே நிற்கும் நீர் அடியில் வடிந்துவிடும். ஆனால் ஹோஸை மாட்டியபடி விட்டால் வடியாது, உறைந்து குழாயே வெடிக்கும். எனக்கு ஒரு தடவை வெடித்திருக்கிறது. ஆகவே நிரப்பி முடித்ததும் ஹோஸைக் கழற்றி, ஒரு முனையைத் தோளில் போட்டு மறுமுனை வரை நடந்து, உள்ளே நிற்கும் நீரை வடித்துவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். விரல் விறைத்த ராத்திரியில் இதைச் செய்யச் சோம்பலாகத்தான் இருக்கும்.

தொட்டியைச் சுற்றிச் சிந்துவதும் உறையும். லாடம் கட்டிய குதிரைக்கு அது கண்ணாடித் தரை. ஒரு தடவை வழுக்கிய குதிரை அதன் பிறகு அந்தப் பக்கம் வரவே யோசிக்கும், அதனாலும் குடிப்பது குறையும். மணலோ சல்லியோ தினமும் தூவுகிறேன். குட்டை, குளம் இருந்தால் பனிக்காலத்தில் வேலி போட்டு மறித்துவிடுங்கள். தண்ணீர் தேடிக் கட்டிமேல் நடந்து உள்ளே விழுந்த குதிரையை வெளியே இழுப்பது மனிதர்கள் நாலைந்து பேரால் ஆகிற காரியம் இல்லை.

மின்சாரம் போகும் நாள்

பனிப்புயலில் மின்சாரம் போனால் ஹீட்டரோடு பம்பும் போகும். முதல் தடவை இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எச்சரிக்கை வந்ததும் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, லாயத்துக்குள் மூடி போட்ட டிரம்களில் ஒரு குதிரைக்கு நாளுக்கு 40 லிட்டர் என்று மூன்று நாளுக்குப் பிடித்து வைக்கிறேன். டிரம்களை ஒட்டி அடுக்கி, மேலே பழைய குதிரைப் போர்வை.

அப்புறம் கோடாரிதான், ஆனால் முன்பு மாதிரி நாலு போடு இல்லை. பிளாஸ்டிக் தொட்டி என்றால் கோடாரியே வேண்டாம், மரச்சுத்தியல். உலோகத் தொட்டியில் சுவரைத் தொடாமல் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கொத்தத் தொடங்கி, கட்டி முழுவதையும் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டால் அது அரை மணியில் மூடிக்கொள்ளும், கூரான விளிம்பு வேறு மூக்கில் குத்தும். உடைத்த துண்டுகளை உள்ளேயே விடக் கூடாது. விட்டால் நீரை இன்னும் குளிரவைத்து, திரும்ப ஒட்டி இறுகும். ஒரு நீளக் கைப்பிடியில் கம்பிவலை கட்டிப் பெரிய ஜல்லிக்கரண்டி மாதிரி செய்து வைத்திருக்கிறேன். அதால் ஒரு துண்டு விடாமல் அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, எடுத்த அளவுக்கு டிரம்மிலிருந்து ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டு, செம்பி வந்து குடிக்கும் வரை பக்கத்தில் நிற்பேன்.